நாய்க்காக அழுவது பிழையா?

வீட்டில் வளர்த்த நாய் இறந்துபோனால் துக்கம் விசாரிக்க அநேகமாக யாரும் வருவதில்லை. வருகிறவர்களும், "நாய்தானே, இதுக்குப் போய் இப்படி அழலாமா? வேற ஒண்ணு வாங்கிக்கங்க" என்கிறார்கள். ஆறுதல் என்று நம்பித்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பேச்சில் ஒரு பகுதிகூட நியாயமில்லை.

நாய்க்காக அழுவதெல்லாம் பட்டணத்துக்காரர்கள் வெளிநாட்டாரைப் பார்த்துக் கற்றுக்கொண்ட பழக்கம் என்று ஒரு வாதம். ஆனால் திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. எருமைகளைக் காக்கும் போராட்டத்தில் மாண்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்தது. அவனோடு அவன் நாயும் அதில் நிற்கிறது. அதன் பெயர் கோவிவன் என்பதையும், அது இரண்டு கள்வர்களைக் கடித்துக் காவல் நின்றதையும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். எத்தனையோ மனிதர்களின் பெயர் அழிந்துவிட்ட ஏழாம் நூற்றாண்டிலிருந்து ஒரு நாயின் பெயர் நம் கைக்கு வந்திருக்கிறது! விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சண்டைக் கோழிக்கு நடுகல் இருக்கிறது. கர்நாடகத்தின் ஆதகூரில், பத்தாம் நூற்றாண்டில், காட்டுப்பன்றியோடு மோதி இறந்த காளி என்ற வேட்டை நாய்க்குக் கல் நாட்டி, அந்தக் கல்லின் பூசைக்கு நிலமும் விட்டார்கள்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் ஜல்லிக்கட்டுக் காளை இறந்தால் மாலை போட்டு, ஊர் கூடி அடக்கம் செய்கிறார்கள். 2022 நவம்பர் 30 அன்று புதுச்சேரி மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி நடைப்பயிற்சியின்போது சரிந்து இறந்தது. கூட்டம் கூட்டமாக வந்து அழுதார்கள். அவர்களிடம் போய் "யானைதானே" என்று சொல்ல யாருக்காவது மனம் வந்திருக்குமா? ஊர் சேர்ந்து அழுதால் மரியாதை, ஒரு வீடு தனியாக அழுதால் மட்டும் பைத்தியக்காரத்தனமா?

மனிதருக்கு அழலாம், மிருகத்துக்கு எதற்கு என்பது அடுத்தது. நாயும் வளர்ப்பவரும் கண்ணோடு கண் பார்க்கும்போது இரு உடம்பிலும் ஆக்ஸிடோசின் கூடுவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015இல் காட்டினார்கள். தாய்க்கும் சேய்க்கும் இடையே பிணைப்பை வளர்ப்பதும் இதே ஹார்மோன்தான். அந்தப் பிணைப்பு அறுந்தால் வலிக்கத்தான் செய்யும்.

வேறொன்று வாங்கும் யோசனையும் அவசரமானது. புதுக்குட்டி வரலாம்; ஆனால் பழையதன் இடத்தை அடைக்க வந்த குட்டி நாள் முழுக்க ஒப்பீட்டுக்குள்ளேயே வளரும். பிள்ளைகளிடம் "ஓடிப்போயிடுச்சு" என்று சொல்வது அதைவிட மோசம். நம்மை விட்டு ஏன் ஓடியது என்று அந்தப் பிள்ளை வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்.

எல்லாவற்றிலும் கொடியது, "ஊசி போட்டுக் கொன்னுட்டீங்களே" என்ற சொல். சிறுநீரகம் செயலிழந்து, தண்ணீர்கூட இறங்காமல் கிடக்கும் நாய்க்கு மருத்துவர் அதிக அளவில் மயக்க மருந்து செலுத்துகிறார். முதலில் நினைவு போகும். அதன் பிறகுதான் மூச்சும் இதயமும் நிற்கும். மடியில் தலையை வைத்துக்கொண்டு அதற்குச் சம்மதித்தவர் துரோகம் செய்யவில்லை. "முன்னாடியே கவனிச்சிருந்தா பிழைச்சிருக்குமே" என்றும் சிலர் குத்துவார்கள். நாய்கள் வலியை வெளியே காட்டாமல் மறைக்கக்கூடியவை. தாமதமாகத் தெரிந்தது அந்த வீட்டாரின் அலட்சியத்தால் அல்ல.

சமுதாயம் ஏற்காத துக்கத்தை மனிதர்கள் தனியே சுமக்க நேர்வதைப் பற்றி, கென்னத் டோகா என்ற அமெரிக்க அறிஞர் 1989இல் ஒரு நூலே வெளியிட்டார். வளர்ப்புப் பிராணிக்கான துக்கம் அந்த வகைதான். இழப்பின் வலியோடு, அதை ஒளித்துவைக்கும் வலியும் சேர்ந்துகொள்கிறது. இரண்டாவது வலியைக் கொடுப்பது நாம்தான். அதை நம்மால் நிறுத்தவும் முடியும்.

ஆகவே அடுத்த முறை அப்படி ஒரு வீட்டுக்குப் போனால், நாயின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். அது அந்த வீட்டுக்கு எப்படி வந்தது என்று கேளுங்கள். அவர்கள் அழுதால் அழவிடுங்கள்.