நோயில்பூசுதலுக்குத் தாமதம் ஏன்?

நம் இல்லத்தில் ஒருவர் கடும் நோயுற்றால், மருத்துவரை அழைக்க நாம் சற்றும் தாமதிப்பதில்லை. குருவானவரை அழைப்பதற்கு மட்டும் தயங்குகிறோம். "சாமியாரைக் கண்டால் அப்பா பயந்துவிடுவார்" என்று நமக்குள் சொல்லிக்கொள்கிறோம். நினைவு தப்பி, மூச்சு வாங்கும் வேளையில்தான் பங்குக்குருவின் இல்லத்திற்கு ஆள் ஓடுகிறது.

இந்த அச்சம் திருச்சபையின் தொடக்கக் காலத்தில் இருந்ததன்று. நோயுற்றவர் திருச்சபையின் மூப்பர்களை அழைக்க வேண்டும், அவர்கள் ஆண்டவர் பெயரால் எண்ணெய் பூசி அவருக்காகச் செபிக்க வேண்டும் என்பதே புனித யாகப்பர் தம் திருமுகத்தின் 5-ஆம் அதிகாரத்தில் தரும் அறிவுரை. அவர் நோயாளியைக் குறித்தே பேசுகிறார். இடைக்காலத்திலோ இவ்வருட்சாதனம் மெல்ல மெல்ல மரணப் படுக்கைக்கென ஒதுக்கப்பட்டது. தமிழிலும் 'அவஸ்தைப்பூசுதல்' என்னும் பெயர் வழங்கிற்று. பெயரைக் கேட்டதுமே மக்கள் அஞ்சினர்.

1963-ஆம் ஆண்டில் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம், 'நோயில்பூசுதல்' என்பதே இதற்குப் பொருத்தமான பெயர் எனக் கற்பித்தது. நோயாலோ முதுமையாலோ உயிருக்கு ஆபத்து தொடங்கும்போதே இதனைப் பெறுவதற்குரிய காலம் வந்துவிட்டது என்றும் தெளிவுபடுத்திற்று. 1972-இல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் சடங்குமுறையைச் சீரமைத்தார். முன்னர் கண், காது, மூக்கு, வாய், கை, கால் எனப் பல உறுப்புகளில் பூசப்பட்ட தைலம், இப்போது நெற்றியிலும் கைகளிலும் பூசப்படுகிறது. ஒலிவ எண்ணெய் கிடைப்பது அரிதான நாடுகளில் வேறு தாவர எண்ணெயையும் பயன்படுத்தலாம்.

கடும் நோயின் பொருட்டு அறுவைச் சிகிச்சைக்குச் செல்பவர் அதற்கு முன் இதனைப் பெறலாம். தனியாக வேறு நோய் இல்லாவிடினும், முதுமையால் மிகவும் தளர்ந்தோர் பெறலாம். புத்தி விவரம் அறிந்த சிறுவரும் பெறலாம். குணமடைந்தவர் மீண்டும் நோயுற்றாலும், அதே நோய் முற்றினாலும் மறுமுறை பெறத் தடையில்லை. சாகும் தறுவாயில் உள்ளோர்க்கென்றே உரியது, வழியுணவாகத் தரப்படும் இறுதி நற்கருணையே.

இது மருந்துக்கு மாற்று அன்று. மருத்துவம் உடலைப் பேணுகையில், தூய ஆவியின் அருள் நோயாளியின் அச்சத்தையும் அவநம்பிக்கையையும் தணிக்கிறது. பாவ மன்னிப்பையும் மனவலிமையையும் தருகிறது. ஆன்ம மீட்புக்கு உகந்ததாயின் உடல்நலமும் அளிக்கிறது.

ஆகவே, நோயாளி நினைவோடு இருக்கும்போதே குருவை அழைப்போம். அப்போதுதான் அவர் பாவசங்கீர்த்தனம் செய்யவும், நற்கருணை உட்கொள்ளவும், செபங்களுக்குத் தம் வாயாலேயே "ஆமென்" என்று மறுமொழி கூறவும் இயலும். வெள்ளைத் துணி விரித்த சிறு மேசையில் பாடுபட்ட சுரூபமும் மெழுகுதிரியும் தீர்த்தமும் வைத்து, பிள்ளைகளையும் அருகில் அழைத்துச் சேர்ந்து செபிப்போம். நோயாளிக்குத் தாம் தனித்து விடப்படவில்லை என்னும் ஆறுதல் அதுவே. அந்த ஆறுதலை அவருக்குக் கடைசி மூச்சுவரை மறுத்து வைப்பது அன்பாகுமா?