ஜெனரேட்டர் பகலுக்கு, பாட்டரி இரவுக்கு

ஓய்வு பெற்றபின் ட்ரெய்லர் வாங்கும் நண்பர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "சார், கூடவே ஒரு ஜெனரேட்டரும் வாங்கிடலாமா?" வேலை பார்த்த காலமெல்லாம் மின்சாரத்தோடு குடித்தனம் நடத்தியவன் என்பதால் என்னைக் கேட்கிறார்கள். என் பதில் இது: தாராளமாக வாங்குங்கள், ட்ரக்கில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஆனால் பொழுது சாய்ந்தபின் அதைத் தொடாதீர்கள். இரவுக்கு வேண்டிய மின்சாரம் பாட்டரியில்தான் இருக்க வேண்டும். பாட்டரியை நிரப்புவதுதான் ஜெனரேட்டரின் வேலை, அதுவும் பகலில்.

இதில் இரண்டு கட்சிகள் உண்டு. ஒரு கட்சிக்கு ஜெனரேட்டர் இருந்தால் போதும், காட்டுக்குள்ளும் ஏசி போட்டுத் தூங்கலாம். இன்னொரு கட்சி பெரும்பாலும் நம் பிள்ளைகள். "எதுக்குப்பா அந்த சத்தமும் புகையும்? கூரையில் சோலார் பேனல் போட்டா போதும்" என்பார்கள். இரண்டு பேர் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது.

முதலில் ஏசி கட்சி. ட்ரெய்லரின் கூரையில் இருப்பது பெரும்பாலும் 13,500 அல்லது 15,000 பி.டி.யு. ஏசி. ஓடும்போது சுமார் 1,300 முதல் 1,600 வாட் வரை இழுக்கும். கம்ப்ரஸர் கிளம்பும் அந்த நொடியில் இதைப்போலப் பல மடங்கு கேட்கும். நம் வயதுக்காரர்கள் தூக்கக்கூடிய சிறிய ஜெனரேட்டருக்கு ஹோண்டாவின் 2,200 வாட் மாடலை உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். பெயரில்தான் 2,200. தொடர்ந்து கொடுப்பது 1,800 வாட். டாங்கில் ஒரு கேலனுக்குச் சற்றுக் குறைவாகத்தான் பெட்ரோல் பிடிக்கும். முழு பாரத்தில் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஓடும்.

இப்போது கணக்குப் போடுங்கள். இரவு பத்து மணிக்கு ஏசி போட்டுப் படுத்தால், காலைக்குள் குறைந்தது ஒரு முறையாவது எழுந்து இருட்டில் வெளியே போய், எஞ்சினை நிறுத்தி, ஆறும்வரை காத்திருந்து, பெட்ரோல் ஊற்ற வேண்டும். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு சூடான எஞ்சினில் பெட்ரோல் ஊற்றுகிற வேலை எழுபது வயதில் நமக்கு எதற்கு? அவ்வளவு வெயில் அடிக்கும் ஊருக்குப் போகிறீர்கள் என்றால், காசு கொடுத்து மின் இணைப்பு உள்ள இடமாகப் பிடித்துவிடுங்கள். ஏசிக்கு அதுதான் வழி.

மலைக்குப் போனால் ஏசியே வேண்டாம். ஜெனரேட்டரும் மலையில் இளைத்துவிடும். ஆயிரம் அடி உயரத்துக்கு ஏறக்குறைய மூன்று, மூன்றரை சதவீதம் சக்தி குறையும். யோசமிட்டியில் டுவாலமி மெடோஸ் சுமார் 8,600 அடி உயரம். அங்கே 1,800 வாட் ஜெனரேட்டர் 1,300 வாட் பக்கம் வந்து நிற்கும். கீழே ஏசியை இழுத்த இயந்திரம் மேலே மூச்சு வாங்கும்.

அடுத்தது சோலார் கட்சி. பாலைவனத்தில் அவர்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் நாம் கோடையில் போவது எங்கே? பெரிய பைன் மரங்களுக்குக் கீழே. யோசமிட்டிப் பள்ளத்தாக்கில் நிழல் நமக்குச் சுகம், பேனலுக்குப் பட்டினி. இரண்டு நாள் மழை மேகம் வந்தால் எந்த ஊரிலும் அதே கதைதான். சோலார் இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் மருந்து மாத்திரையோடும் மருத்துவக் கருவியோடும் பயணம் போகிற நாம் வானத்தை மட்டும் நம்பிப் போக முடியாது.

மருத்துவக் கருவி என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் இரவில் மூக்கில் சிபாப் கருவி மாட்டிக்கொண்டு தூங்குகிறோம்! நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். விளக்கு இல்லாமல் ஒரு இரவு போனால் போகட்டும். கருவி பாதி இரவில் நின்றுபோனால் மறுநாள் நான் வண்டி ஓட்டத் தகுதியில்லாதவன், அதுவும் பின்னால் ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு. ஆகவே இரவு மின்சாரம் என்பது எங்கள் வீட்டில் ஆடம்பரம் இல்லை.

அந்த இரவுக்கு உண்மையில் எவ்வளவு வேண்டும்? நம்பினால் நம்புங்கள், கொஞ்சம்தான். குளிர் காலத்தில் அறையைச் சூடாக்குவது புரொப்பேன். அந்தச் சூட்டை ஊதித் தள்ளும் விசிறிக்கு மட்டும் 12 வோல்ட் மின்சாரம், ஓடும்போது ஏழெட்டு ஆம்பியர். விட்டு விட்டு ஓடி, மொத்தம் நான்கு மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொண்டால் 30 ஆம்பியர்-மணி. சிபாப் கருவியில் அதிகம் சாப்பிடுவது தண்ணீரைச் சூடாக்கும் பகுதி. அதை அணைத்துவிட்டால் என் கருவிக்கு இரவு முழுவதும் 20 ஆம்பியர்-மணி போதும். புரொப்பேனில் ஓடும் ஃப்ரிட்ஜின் கட்டுப்பாட்டு அட்டை, வாயு அலாரம், பாத்ரூம் விளக்கு எல்லாம் சேர்ந்து ஒரு பத்து. ஆக மொத்தம் 60 ஆம்பியர்-மணி.

ட்ரெய்லரோடு வரும் சாதாரண ஈய-அமில பாட்டரியில் 100 ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தாலும், பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். 50தான் நம் கையில். எனவே அந்த மாதிரி பாட்டரி இரண்டு வேண்டும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை என்றால் ஒன்றே போதும், ஏறக்குறைய முழுவதையும் எடுக்கலாம். விலை கூடுதல்தான். ஆனால் ஏசிக்காக இரண்டாவது ஜெனரேட்டர் வாங்க வைத்திருக்கும் பணத்தை இதில் போடுங்கள் என்பேன்.

எடுத்த 60ஐத் திருப்பி நிரப்பத்தான் ஜெனரேட்டர். ட்ரெய்லருக்குள் இருக்கும் சார்ஜர் பொதுவாக 45 முதல் 55 ஆம்பியர் வரை கொடுக்கும். லித்தியத்துக்கு ஏற்ற சார்ஜராக இருந்தால் காலையில் இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்தது. ஈய பாட்டரி முக்கால்வாசிக்கு மேல் மெதுவாகத்தான் குடிக்கும், அதற்கு மத்தியானமும் கொஞ்ச நேரம் ஓட்ட வேண்டும். இதற்கு ஜெனரேட்டரிலிருந்து போவது ஆயிரம் வாட்டுக்கு உள்ளேதான். 8,600 அடியிலும் சிரமமில்லாமல் கொடுக்கும். எங்கள் வீட்டில் சட்னி அரைப்பதும் அந்த நேரத்தில்தான். இங்கே வாங்கிய 110 வோல்ட் மிக்ஸி தாராளமாக ஓடும். சார்ஜ் ஏறும்போது மைக்ரோவேவை மட்டும் போடாதீர்கள், இரண்டையும் சேர்த்துத் தாங்காது.

பூங்காக்காரர்களின் விதியும் இந்தக் கணக்குக்கு ஒத்தே வருகிறது. யோசமிட்டியில் ஜெனரேட்டர் ஓட்ட அனுமதித்த நேரம் காலை 7 முதல் 9, பகல் 12 முதல் 2, மாலை 5 முதல் 7 வரை. அவ்வளவுதான். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை சத்தமே கூடாது. தேசியப் பூங்காக்களில் ஐம்பது அடி தூரத்தில் 60 டெசிபலைத் தாண்டக் கூடாது என்றும் விதி உண்டு. கட்டடம் கட்டும் இடங்களில் பார்க்கிற திறந்த சட்டம் போட்ட மலிவு ஜெனரேட்டர்கள் இதில் தேறுவது கஷ்டம். இன்வெர்ட்டர் வகைதான் சரி. பாரம் குறைந்தால் எஞ்சின் வேகத்தையும் தானே குறைத்துக்கொள்ளும்.

எழுபது, எண்பதுகளில் நம் ஊர்க் கடைத்தெரு நினைவிருக்கிறதா? கரண்ட் போன மறுநிமிடம் ஒவ்வொரு கடை வாசலிலும் ஒன்று 'டபடப' என்று கிளம்பும். பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். அந்தச் சத்தத்திலேயே பேரம் பேசிப் புடவை வாங்கியவர்கள் நாம். நமக்குப் பழகிவிட்டது. ஆனால் பக்கத்து இடத்தில் கூடாரம் போட்டிருப்பவர் நானூறு மைல் ஓட்டி வந்தது ஆற்றின் சத்தத்தைக் கேட்க. அவருக்கும் நம்மைப்போலவே வாடகை.

சத்தம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு அப்படியில்லை. நிறமில்லை, மணமில்லை. தலைவலி, மயக்கம், குமட்டல் என்று தொடங்கும். நம் வயதில் இவற்றுக்கெல்லாம் ஏற்கெனவே ஒரு காரணம் கைவசம் இருக்கும். பிரஷர் என்போம், பயணக் களைப்பு என்போம், படுத்துக்கொள்வோம். தூங்குகிறவருக்கு அந்த அடையாளமும் தெரியாது. ஜெனரேட்டர் இரவில் வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

சில வருடங்களுக்கு முன் லாசன் எரிமலைப் பூங்காவில் ஒரு மாலை நல்ல மழை. எங்களுக்கு இரண்டு இடம் தள்ளி ஒரு வயதான தம்பதி. ஜெனரேட்டர் நனையக் கூடாதென்று அதை ட்ரெய்லரின் துணிக்கூரைக்கு அடியில், ஜன்னலை ஒட்டி வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நான் போய்க் கதவைத் தட்டினேன். அந்த அம்மா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே அலாரம் இருந்தது, கத்தியும் இருக்கிறது. "அது சமைக்கும்போதெல்லாம் கத்தும்" என்று சொல்லி, பெரியவர் பொத்தானை அழுத்திச் சத்தத்தை நிறுத்தியிருந்தார். ஜெனரேட்டரை நிறுத்தி, ஜன்னல்களைத் திறந்து, இருவரையும் மழைக்கோட்டோடு எங்கள் துணிக்கூரைக்குக் கீழே உட்கார வைத்தோம். என் மனைவி காபி போட்டுக் கொடுத்தாள். பூங்கா ரேஞ்சர் வந்து பார்த்துவிட்டுப் போனார். இருவரும் பிழைத்தார்கள். அன்று நான் மழையைப் பார்த்து உள்ளேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க இன்றும் பிடிக்கவில்லை.

அதனால் மழையில் ஜெனரேட்டர் வேண்டாம். வெயிலிலும் இருபது அடியாவது தள்ளி, புகைக்குழாய் உங்கள் ஜன்னலையும் அடுத்தவர் ஜன்னலையும் பார்க்காதபடி வையுங்கள். அதற்கேற்ற நீளமும் பருமனும் உள்ள ஒயர் வாங்குங்கள். புது மாடல்களில் வாயு கூடினால் தானே நின்றுவிடும் வசதி இருக்கிறது. அந்த சென்சார் இருப்பது ஜெனரேட்டரில். தூங்குகிற நம் தலைமாட்டில் இருப்பது அலாரம்தான். அதன் மேல் எழுதியிருக்கும் காலாவதித் தேதியை ஒருமுறை பாருங்கள்.

எடுத்துச் செல்வதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் சொன்ன ஜெனரேட்டர் 47 பவுண்டு. இந்தியன் ஸ்டோரில் வாங்கும் 20 பவுண்டு சோனா மசூரி மூட்டை இரண்டையும் ஒரே கையில் தூக்குவதைவிட அதிகம். தூக்க முடியுமா என்று கடையிலேயே தூக்கிப் பாருங்கள். இதைவிடப் பெரியது வாங்கினால் ட்ரக்கிலிருந்து இறக்க யாரையாவது கூப்பிட வேண்டிவரும்.

வைக்க வேண்டிய இடம் ட்ரக்கின் திறந்த பின்தட்டு. ட்ரெய்லரின் உள்ளே வேண்டவே வேண்டாம், பெட்ரோல் ஆவி படுக்கையறைக்குள் நிற்கும். ட்ரெய்லரின் பின் பம்பரும் வேண்டாம். அது பெரும்பாலும் மெல்லிய தகடு. பின்னால் எடை கூடினால் முன்னே கொக்கியில் விழும் எடை குறையும். ட்ரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இருக்க வேண்டும். அது குறைந்தால் நெடுஞ்சாலையில் வால் ஆடும். ட்ரக்கிலும் எடைக் கணக்கு உண்டு: கொக்கி எடை, நாம், சாமான், ஜெனரேட்டர், பெட்ரோல் கேன் எல்லாம் சேர்ந்து கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் எண்ணுக்குள் அடங்க வேண்டும். பெட்ரோல் கேலனுக்கு ஆறு பவுண்டு. பயணம் முடிந்து மாதக்கணக்கில் சும்மா வைப்பதானால் டாங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்துவிடுங்கள். பழைய பெட்ரோல் பிசினாகி அடைத்துக்கொண்டால் அடுத்த வருடம் கயிற்றை இழுத்துத் தோள்பட்டை வலிதான் மிச்சம்.

வாங்குவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். ட்ரெய்லரை உங்கள் வீட்டு வாசலிலேயே நிறுத்தி, வீட்டு மின்சாரத்தில் சொருகாமல், ஒரு குளிர்ந்த இரவு அதற்குள் படுத்துப் பாருங்கள். சிபாப் கருவி, விசிறி, விளக்கு எல்லாம் வழக்கம்போல் ஓடட்டும். காலையில் பாட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று மீட்டரில் பாருங்கள். எத்தனை பாட்டரி வேண்டும், எவ்வளவு பெரிய ஜெனரேட்டர் வேண்டும் என்பதற்கு அந்த எண்தான் பதில். விற்பனைக்காரர் சொல்லும் எண் அவருடைய வசதிக்கு.