மதிப்பெண்ணும் மனவியல்பும்

நுழையும்முன்

நன்கு பயிலும் மாணவரைக் கண்டதும் ஊரார் கேட்கும் வினா ஒன்றுதான்: "மருத்துவமா, பொறியியலா?" அவ்வினாவிற்கு விடை கூறுமுன் மாணவர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் சில உள்ளன.

எல்லாம் இயலும், எது இயல்பு?

பத்தாம் வகுப்பில் மிகுந்த மதிப்பெண் பெற்றவருக்குப் பாடப்பிரிவு பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடுகிறது. அறிவியல் பிரிவு, மதிப்பெண்ணுக்குக் கிடைத்த பரிசாகக் கருதப்படுகிறது. அவரே வரலாற்றையோ வணிகவியலையோ விரும்பினால், "இவ்வளவு மதிப்பெண்ணை வீணாக்கலாமா?" என்று கேட்கின்றனர். எப்பாடத்திலும் வல்லவருக்கு, எதைக் கற்க இயலும் என்பதை மதிப்பெண் காட்டும். எதில் மனம் ஊன்றி நிற்கும் என்பதைக் காட்டாது. ஒரு செயலை ஒருவரிடம் ஒப்படைக்குமுன் அவர்தம் தகுதியையும் இயல்பையும் ஆராய வேண்டும் என்பதற்காகவே 'தெரிந்துவினையாடல்' என்னும் அதிகாரத்தை வகுத்தார் வள்ளுவர்.

வகைகளும் வரம்பும்

சுவிட்சர்லாந்து நாட்டு உளவியலாளர் கார்ல் யுங், 1921ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் மனிதரின் மனப்போக்கை அகமுகம், புறமுகம் என இரண்டாகப் பகுத்தார். அக்கருத்தை அடியொற்றி, அமெரிக்காவைச் சேர்ந்த கேத்தரின் பிரிக்ஸும் அவர்தம் மகள் இசபெல் மையர்ஸும் 16 ஆளுமை வகைகளை அமைத்தனர். ஜான் ஹாலந்து என்பவர் தொழில் ஆர்வங்களைச் செய்முறை, ஆய்வு, கலை, சமூகம், முனைவு, ஒழுங்கு என ஆறாக வகுத்தார்.

இவை தம்மைத் தாமே அறிய முற்படுவோர்க்குத் தொடக்கமாக உதவும். ஆயினும், இவற்றைத் தீர்ப்பாகக் கொள்ளலாகாது. ஆளுமை வினாத்தாளுக்குச் சில வாரங்கள் கழித்து மீண்டும் விடையளிப்போர் பலர் வேறு வகையில் இடம்பெறுகின்றனர். வளர்ந்துவரும் பதினாறு வயதில் இம்மாற்றம் வியப்பன்று. 'நீ அமைதியானவள், வழக்கறிஞர் தொழில் உனக்கு ஒவ்வாது' என ஒரு மாணவியைத் தடுப்பது, மதிப்பெண் முத்திரையை அகற்றி வேறொரு முத்திரையைக் குத்துவதேயாகும்.

இராமன் காட்டும் வழி

சர் சி.வி. இராமன், 1907இல் முதுகலைப் பட்டம் பெற்று, அரசின் நிதித்துறைப் பணியில் சேர்ந்தார். கொல்கத்தாவில் பகலில் அலுவலகப் பணி; ஓய்வு நேரத்தில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஆய்வு. இவ்வாறு பத்தாண்டுகள் கழிந்தன. 1917இல், குறைந்த ஊதியம் என்றறிந்தும், கொல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவியை ஏற்றார். 1928இல் இராமன் விளைவைக் கண்டறிந்தார். 1930இல் நோபல் பரிசு பெற்றார்.

குடும்பத்தின் வறுமையும் வருவாயின் தேவையும் பொய்யல்ல. முதல் தலைமுறையாகப் படிக்க வருபவரிடம், ஊதியத்தை மறந்து விருப்பத்தைத் தொடர் என்று கூறுவது எளிது; வாழ்ந்து காட்டுவது அரிது. ஊதியம் தரும் பணியில் இருந்துகொண்டே தம் நாட்டத்தை அணையாது காத்தவர் இராமன் என்பது இங்கு எண்ணத்தக்கது.

நாம் செய்யத்தக்கது

எவரும் ஏவாதபோதும் நான் எதைப் படிக்கிறேன்? எப்பணியில் நேரம் போவது தெரிவதில்லை? தோற்றாலும் எதை மீண்டும் முயல்கிறேன்? இவ்வினாக்களுக்கான விடைகளை ஓராண்டு குறித்து வைக்கும் மாணவர், ஒருமணி நேரத் தேர்வு கூறாதவற்றையும் அறிவார். அவ்விடைகளைப் பெற்றோரும் ஆசிரியரும் பொறுமையுடன் கேட்டல் வேண்டும். தேர்ந்தெடுத்த துறையில் நாற்பது ஆண்டுகள் உழைக்கப்போகிறவர் அந்த மாணவரே.