விதைத் திருவிழாவுக்கும் பட்டம் உண்டு

நம் ஊர்த் திருவிழாக்களுக்குப் பஞ்சாங்கம் மட்டுமா நாள் குறித்தது? மழையும் கண்மாயும் சேர்ந்துதான் குறித்தன. சித்திரை முதல் நாள் ஊர் கூடிப் பொன்னேர் பூட்டினார்கள். கோடை உழவு அதோடு தொடங்கியது. புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் கோடையில் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா. எந்த நாளில் இறங்குவது என்பதைக் கிடக்கிற தண்ணீர்தான் சொல்லும். காவிரிக் கரையில் ஆடிப் பதினெட்டு என்றால் ஆற்றில் புதுத் தண்ணீர், சம்பாவுக்கான ஆயத்தம்.

தென் மாவட்டத்து முளைப்பாரியைப் பாருங்கள். எரு போட்ட ஓட்டில் தானியங்களைத் தூவி, இருட்டறையில் வைத்துத் தண்ணீர் தெளித்து வளர்க்கிறார்கள். எந்த வீட்டு விதை தெம்பா முளைச்சிருக்கு, எது சொத்தை என்பது ஊர்வலம் போகும்போது ஊருக்கே தெரிந்துவிடும். முளைப்புத் திறன் சோதனை என்று இன்று நாம் சொல்வதைப் பெண்கள் சாமி பேரால் செய்து வந்தார்கள் என்பதே என் கருத்து. இப்போதும் முளைப்பாரி எடுக்கிறோம். ஆனால் பயறு, வீட்டு விதைக் குதிரிலிருந்து வருவதில்லை. மளிகைக் கடையிலிருந்து வருகிறது. சடங்கு தங்கிவிட்டது, விதை போய்விட்டது.

நம் இயக்கங்கள் நடத்தும் விதைத் திருவிழாவுக்கும் இதே கதி வந்துவிடக் கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மறைந்த நெல் ஜெயராமன் 2006இல் திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் திருவிழாவைத் தொடங்கினார். 2 கிலோ விதை வாங்குகிறவர் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். காலமோ கோடைக் கடைசி. சம்பா விதைப்புக்கு முன்னால். டெல்டாவுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது.

அதைப் பார்த்து இன்று எல்லா ஊரிலும் விதைத் திருவிழா நடத்துகிறோம். மகிழ்ச்சிதான். ஆனால் தேதியை எப்படி முடிவு செய்கிறோம்? மண்டபம் கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமை, பெரும்பாலும் தை, மாசியில். தமிழ்நாட்டில் வேளாண் தட்பவெப்ப மண்டலங்கள் மட்டும் 7. ராமநாதபுரத்து மானாவாரி நெல்லுக்கு ஆவணி, புரட்டாசியில் புழுதி விதைப்பு. கோவில்பட்டிக் கரிசலுக்குப் புரட்டாசிப் பட்டம். கன்னியாகுமரியில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று தனிக் கணக்கு. தர்மபுரிக் கேழ்வரகுக்கு ஆடி. எல்லோருக்கும் ஒரே மாசி மாதம் எப்படிப் பொருந்தும்?

"தேதியில என்ன சார் இருக்கு, விதை கெட்டா போயிடும்?" என்று கேட்கிறார்கள். நெல் தாங்கும். அவரையும் தட்டைப்பயறும் வண்டடித்துப் போகும். உடைத்த நிலக்கடலைப் பருப்பு சீக்கிரமே முளைப்பு இழக்கும். வெங்காய விதை ஓராண்டு தாங்குவதே பெரிது. அதோடு, தன் பட்டம் நினைவில் இல்லாத நேரத்தில் வாங்குகிறவர் பேரைப் பார்த்துத்தான் வாங்குவார். ஆறு மாத வயதுள்ள காட்டுயானத்தை மார்கழியோடு ஈரம் வற்றும் மானாவாரி நிலத்துக்கு எடுத்துப் போனால் கதிர் பால் பிடிக்குமா? "பாரம்பரிய ரகம் தேறாது" என்ற கெட்ட பேர்தான் மிஞ்சும்.

தையில் விழாவே வேண்டாம் என்று சொல்லவில்லை. அறுவடை முடிந்த கையோடு அரிசி, அவல், எண்ணெய் விற்க அதைவிட நல்ல காலம் இல்லை. நகரத்து மக்களும் வருவார்கள். அதை உணவுத் திருவிழா என்று நடத்துவோம். விதைத் திருவிழாவைத் தனியாக, அந்தந்த வட்டாரத்தில், விதைப்புக்கு மூன்று நான்கு வாரம் முன்னால் வைப்போம். கூட்டம் குறையும், வருகிறவர் விதைக்கிறவராக இருப்பார்.

இன்னொன்று, கணக்கு. வங்கியில் கடன் ஏடு பார்த்தே காலம் கழித்தவன் நான். கொடுத்த கடனைவிடத் திரும்பி வந்த கடன்தான் வங்கியின் பலம். விதைக்கும் அதுதான் விதி. எத்தனை ரகம் மேசையில் இருந்தது, எத்தனை பேர் வந்தார்கள் என்று எழுதுகிறோம். போன வருசம் கொடுத்தது எத்தனை பேர் வயலில் விளைந்தது, எவ்வளவு திரும்பியது? விழாவின் முதல் ஒரு மணி நேரம் இந்தக் கணக்குக்குப் போகட்டும். விளையாமல் போனவரும் எழுந்து ஏன் என்று சொல்லட்டும். அந்தப் பேச்சில் கிடைக்கிற பாடம் எந்தச் சிறப்புரையிலும் கிடைக்காது. பொன்னாடையும் மேடைப் பேச்சும் அப்புறம் இருக்கட்டும்.

விதை கொண்டு வருகிறவர்கள் பத்து நாள் முன்பே ஒரு பிடியை ஓட்டில் தூவி, முளைத்ததை மூட்டை பக்கத்தில் வைத்து விற்கட்டும். சான்றிதழ் எதற்கு? முளைப்பாரியே போதும்.

உங்கள் வட்டாரத்தில் அடுத்த விதைப்பு எந்த மாதம்? அதிலிருந்து ஒரு மாதம் பின்னால் எண்ணுங்கள். திருவிழாத் தேதி கிடைத்துவிடும்.