பாட்டுக் கேட்கும் முன் "எர்த்" இருக்கிறதா?

வீட்டுக்குப் புதிய ரிசீவர் வந்திருக்கிறது.

அட்டைப் பெட்டியைச் சுற்றிக் குழந்தைகள் நிற்கிறார்கள். அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அடுக்களையிலிருந்து வருகிறாள். தாத்தா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறார். மூத்த மகன் பெட்டியைப் பிரிக்கிறான்.

"சீக்கிரம் போடுடா! ஒரு பழைய பாட்டுக் கேட்கலாம்" என்கிறார் தாத்தா.

மகன் பிளக்கைச் சொருகப் போகிறான். சுவரில் இருக்கும் சாக்கெட்டில் இரண்டு துளைகள்தான். பிளக்கிலோ மூன்று கால்கள்!

வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் யோசனை சொல்லுகிறார். "அந்தப் பெரிய கால் சும்மாதான், தம்பி. அதை வெட்டிவிடு. என் வீட்டில் அப்படித்தான் வைத்திருக்கிறேன். பாட்டு நன்றாகத்தான் பாடுகிறது!"

அவர் சொன்னதில் பாதி உண்மை. அந்தக் காலை வெட்டினாலும் பாட்டுப் பாடும். ஆனால், அந்தக் கால் பாட்டுக்காக வைத்தது அல்ல. உயிருக்காக வைத்தது.

ரிசீவர் என்பது என்ன?

வானொலி, டெலிவிஷன், செல்போன் ஆகியவற்றிலிருந்து வரும் மெல்லிய ஒலியை வாங்கி, அதைப் பெரிதாக்கி, ஒலிபெருக்கிகளுக்கு அனுப்பும் பெட்டிதான் ரிசீவர். "ஹோம் தியேட்டர்" என்று கடைகளில் விற்கிறார்களே, அதன் மூளையும் இதயமும் இதுதான்.

சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் 1938-ல் தொடங்கியது. திருச்சி நிலையம் 1939-ல் தொடங்கியது. அந்தக் காலத்தில் வானொலிப் பெட்டி வைத்திருந்தவர்கள் அதற்கு லைசென்சு வாங்க வேண்டும். மாடியில் மூங்கில் நட்டு "ஏரியல்" கம்பி கட்டுவார்கள். பெட்டியிலிருந்து இன்னொரு கம்பி மண்ணுக்குப் போகும். அதற்குப் பெயர் "எர்த்". படிக்காதவர்கள்கூட அந்தப் பெயரைத் தெரிந்து வைத்திருந்தார்கள்.

இன்று ஏரியல் கம்பி போய்விட்டது. பாட்டு செல்போனிலிருந்து காற்றிலேயே வருகிறது. ஆனால், எர்த் மட்டும் போகவில்லை. அது பிளக்கின் மூன்றாவது காலுக்குள் புகுந்து உட்கார்ந்திருக்கிறது.

மூன்றாவது காலின் வேலை

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ரிசீவரின் மேற்கூடு இரும்புத் தகடு. உள்ளே ஒரு கம்பியின் உறை கருகியோ, எலி கடித்தோ, அந்தக் கம்பி தகட்டில் பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன ஆகும்?

எர்த் சரியாக இருந்தால், மின்சாரம் அந்த வழியாகப் பாய்ந்து ஓடும். உடனே பியூஸ் போகும், அல்லது சுவிட்சு தானாக விழும். பெட்டி அணைந்துவிடும். வீட்டில் உள்ளவர்களுக்கு ஒரு பாட்டு நின்றதோடு சரி.

எர்த் இல்லை என்றால்? பியூஸ் போகாது. பாட்டும் நிற்காது. பெட்டியின் மேற்கூட்டில் 230 வோல்ட் காத்துக்கொண்டிருக்கும், யாராவது வந்து தொடுவதற்காக! ஈரக் கையோடு அம்மா தொடலாம். தவழ்ந்து வரும் குழந்தை தொடலாம்.

ஒரு சிறிய 7 வாட் பல்பு எரிவதற்கு ஏறக்குறைய 30 மில்லி ஆம்பியர் மின்சாரம் போதும். அதே அளவு மின்சாரம் மனிதனின் மார்பு வழியாகப் பாய்ந்தால் உயிருக்கே ஆபத்து.

மூன்றாவது காலைக் கவனித்துப் பாருங்கள். மற்ற இரண்டையும்விட அது நீளம், பருமனும் அதிகம். பிளக்கைச் சொருகும்போது அதுதான் முதலில் உள்ளே போகிறது. பிடுங்கும்போது அதுதான் கடைசியில் வெளியே வருகிறது. பாதுகாப்பு முதலில் வர வேண்டும், கடைசியில் போக வேண்டும் என்பதுதான் அதன் பொருள். அதையா வெட்டுவது?

இரண்டு கால் பிளக்குடன் வரும் ரிசீவர்களும் உண்டு. அவற்றின் பின்புறத்தில், ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்ட அடையாளம் இருக்கும். உள்ளே இரட்டைப் பாதுகாப்பு உறை இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். அந்தப் பெட்டிக்கு எர்த் தேவை இல்லை. மூன்று கால்களோடு வந்த பெட்டிக்கு மூன்றும் வேண்டும்.

பொய் எர்த்!

"எங்கள் வீட்டில் மூன்று துளை சாக்கெட் இருக்கிறதே!" என்று சிலர் நினைக்கலாம். துளை இருந்தால் போதாது. துளைக்குப் பின்னால் பச்சைக் கம்பி இருக்கிறதா? அந்தக் கம்பி மண்ணுக்குப் போகிறதா?

சில வீடுகளில் அங்கே கம்பியே இருக்காது. இன்னும் சில வீடுகளில், வேலையைச் சுருக்குவதற்காக எர்த் துளையை நியூட்ரல் கம்பியோடு இணைத்துவிடுகிறார்கள். இது மிகவும் ஆபத்து. எங்காவது நியூட்ரல் கம்பி அறுந்தால், பெட்டியின் தகட்டில் நேராக மின்சாரம் ஏறிவிடும்.

ஆகவே, லைசென்சு உள்ள எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டின் எர்த் குழியையும் காட்டச் சொல்லுங்கள். கரியும் உப்பும் போட்டு மூடிய குழி கோடையில் காய்ந்துவிடும். காய்ந்த மண் மின்சாரத்தைச் சரியாக வாங்காது. வெயில் காலத்தில் அதில் அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும்.

மின் கசிவைக் கண்டுபிடித்துத் தானே அணைக்கும் கருவி ஒன்று இருக்கிறது. எலெக்ட்ரீஷியன்கள் அதை "ஆர்.சி.சி.பி." என்பார்கள். வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் அளவுள்ளது வேண்டும். மெயின் பெட்டியில் அதைப் பொருத்துவது நல்லது. அதில் "டெஸ்ட்" என்று ஒரு பொத்தான் இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது அதை அழுத்திப் பாருங்கள். சுவிட்சு விழ வேண்டும். விழாவிட்டால் கருவியை மாற்ற வேண்டும். ஆனால், இது இருக்கிறது என்பதற்காக எர்த் வேண்டாம் என்று இருந்துவிடக் கூடாது. இரண்டும் வேண்டும்.

"ஹம்" என்று இரைகிறதா?

எர்த் கொடுத்த பிறகு சில ரிசீவர்களில் வண்டு ரீங்காரம் போல "ஹம்" என்று ஓர் இரைச்சல் வரும். மூன்றாவது காலைச் சிலர் வெட்டுவதே இதற்காகத்தான். வெட்டினால் இரைச்சல் நிற்கலாம். ஆனால், பாதுகாப்பும் அதோடு போய்விடும்.

ரிசீவரும் டெலிவிஷனும் வெவ்வேறு இடங்களில் எர்த் பெறும்போது இந்த இரைச்சல் வருவது உண்டு. இரண்டையும் ஒரே பலகையில் சொருகிப் பாருங்கள். ஒலிக் கம்பிகளையும் மின்சாரக் கம்பிகளையும் ஒன்றாகச் சுருட்டாமல் தள்ளி வையுங்கள். அப்போதும் நிற்காவிட்டால், கேபிள் டி.வி. கம்பியைக் கழற்றிப் பாருங்கள். கழற்றியதும் இரைச்சல் நின்றால், கோளாறு அந்த வழியாக வருகிறது. மெக்கானிக்கைக் கூப்பிட்டு அதைச் சரி செய்யலாம்.

பெட்டிக்கும் மூச்சு வேண்டும்

ரிசீவர் பாடும்போது சூடாகும். அந்தச் சூடு வெளியேறுவதற்குத்தான் மேலே துளைகள் வைத்திருக்கிறார்கள். நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? பூ வேலை செய்த துணியை அதன்மேல் விரிக்கிறோம். துணியின்மேல் பூ ஜாடி வைக்கிறோம். வெள்ளிக்கிழமை வந்தால் விளக்கும் ஏற்றி வைக்கிறோம்!

துணி மூச்சை அடைக்கும். ஜாடித் தண்ணீரும் விளக்கு எண்ணெயும் துளை வழியாக உள்ளே சிந்தும். எல்லாமே ஆபத்து. பெட்டியின்மேல் ஒன்றும் வைக்கக் கூடாது. அதற்கு மேலே ஒரு சாண் இடமாவது காலியாக இருக்க வேண்டும். பெட்டியோடு வந்த புத்தகம் இன்னும் அதிக இடம் கேட்டால் அதன்படி செய்யுங்கள். கதவு மூடிய அலமாரிக்குள் வைத்துப் பாட வைக்காதீர்கள்.

இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் சுட வைக்கும் ஹீட்டர் போன்றவற்றை ரிசீவர் இருக்கும் அதே பலகையில் சொருகக் கூடாது. பலகையும் வயரும் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாக இருக்கட்டும்.

ஒலிபெருக்கிக் கம்பிகள்

கம்பிகளை இணைக்கும் முன், ரிசீவரின் பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிவிடுங்கள். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்று இணையுங்கள். ஒரே ஒரு மெல்லிய இழை பிரிந்து பக்கத்து முனையில் பட்டாலும் பெட்டி கெட்டுவிடும். எனவே, இழைகளை நன்றாக முறுக்கிச் சொருகுங்கள்.

ரிசீவரின் பின்புறத்தில் "ஓம்" என்று ஓர் அளவு எழுதியிருப்பார்கள். ஒலிபெருக்கியின் ஓம் அதைவிடக் குறையக் கூடாது. 8 ஓம் ஒலிபெருக்கிகள் இரண்டை ஒரே முனையில் சேர்த்து இணைத்தால் அது 4 ஓம் ஆகிவிடும். மின்சாரம் இரண்டு மடங்கு ஓடும். பெட்டி கொதிக்கும்.

இடி, மின்னல் வரும்போது

சித்திரை, வைகாசியில் கோடை மழையும், ஐப்பசி, கார்த்திகையில் அடைமழையும் இடி மின்னலோடு வரும். வானம் கறுத்ததுமே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. கேபிள், ஆண்டெனா கம்பிகளையும் கழற்றுங்கள். தலைக்கு மேல் இடி இடிக்கத் தொடங்கிவிட்டால் பெட்டியின் பக்கம் போகாதீர்கள். பெட்டி போனால் வாங்கிக்கொள்ளலாம்.

பெட்டி பாடாவிட்டால் மூடியைத் திறந்து பார்க்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே சில பாகங்களில் மின்சாரம் தங்கியிருக்கும். பியூஸ் போனால் அதே அளவு பியூஸ்தான் போட வேண்டும். செம்புக் கம்பியைச் சுற்றி ஒப்பேற்றக் கூடாது.

காதும் நமதுதான்

ஒலியை "டெசிபல்" என்ற அளவில் அளக்கிறார்கள். 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. வீட்டில் அளக்கும் கருவி இல்லையா? கை எட்டும் தூரத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், பாட்டு அளவுக்கு மீறிவிட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் ஒலி அளவு பகலில் 55 டெசிபலையும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபலையும் தாண்டக் கூடாது. அடுத்த வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கும். நோயாளியும் இருக்கலாம்.

யாருக்காவது ஷாக் அடித்தால்?

பதறிப் போய் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். அது முடியாவிட்டால், காய்ந்த பலகையின்மேல் நின்று, காய்ந்த மரக் கட்டையால் அவரை விலக்குங்கள். பிறகு 108-க்குப் போன் செய்யுங்கள். பெட்டி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. மெயினை அணைத்துவிட்டு மணலைக் கொட்டுங்கள். எல்லோரையும் வெளியேற்றி, 101-க்குச் சொல்லுங்கள்.

"தொட்டால் லேசாகச் சுருக்கென்கிறது. அது எப்போதும் இருப்பதுதான்" என்று சொல்லுகிற வீடுகள் உண்டு. அந்தச் "சுருக்" ஓர் எச்சரிக்கை. இன்று லேசாகச் சுடுவது நாளை ஈரத் தரையில் உயிரை வாங்கலாம். அன்றே பிளக்கைப் பிடுங்கி, ஆளைக் கூப்பிடுங்கள்.

கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம்

வாடகை வீட்டில் எர்த் இல்லை என்றால் வீட்டுச் சொந்தக்காரரிடம் கேளுங்கள். குடிநீர் கேட்பது போல, வெளிச்சம் கேட்பது போல எர்த்தும் கேட்க வேண்டியதுதான். வாடகை வாங்குகிறவர்கள் அதைச் செய்து கொடுப்பது கடமை. ரிசீவர் விற்கும் கடைக்காரர்களும், "உங்கள் வீட்டில் எர்த் இருக்கிறதா?" என்று ஒரு வார்த்தை கேட்டு விற்றால் அவர்களுக்குப் புண்ணியம் உண்டு.

அந்த வீட்டு மகன் கத்தியை எடுத்துவிட்டான். மூன்றாவது காலை வெட்டப் போனான். தாத்தா தடுத்துவிட்டார்.

"வேண்டாம்டா! எங்கள் காலத்து வானொலிக்கே எர்த் இல்லாமல் பாட வைத்ததில்லை. நாளைக்கு ஆளைக் கூப்பிட்டுச் சாக்கெட்டை மாற்றிவிட்டுப் போடு. ஒரு நாள் பொறுத்தால் பாட்டு எங்கே ஓடிவிடப் போகிறது?"

குழந்தைகளுக்கு ஏமாற்றம்தான். மறுநாள் எலெக்ட்ரீஷியன் வந்தார். எர்த் கம்பி இழுத்தார். சாக்கெட்டை மாற்றினார். மீட்டர் வைத்துக் காட்டினார். மாலையில் பாட்டுப் பாடியது. வீடு முழுவதும் உட்கார்ந்து கேட்டது. பக்கத்து வீட்டுக்காரரும் வந்திருந்தார்.

பாட்டு முடிந்ததும், எலெக்ட்ரீஷியனின் போன் நம்பரை அவர் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.