யாருடைய தீவு? யாருக்கு அமைதி?

2024 ஜனவரியில் பிரதமர் லட்சத்தீவுக்குப் போனார், முகமூடி மாட்டிக்கொண்டு கடலில் நீந்தினார், படங்கள் வெளியாயின. அன்று முதல் பிரயாணக் கம்பெனிகளுக்குக் கொண்டாட்டம். ஜனசந்தடி இல்லாத தீவு, இயற்கைப் பிரியர்களுக்கு ஏற்ற ஓய்விடம் என்று பல்லவி பாடுகிறார்கள்.

ஜனசந்தடி இல்லையாம்! 36 தீவுகளும் சேர்ந்து மொத்த நிலம் 32 சதுர கிலோமீட்டர்தான். ஆள் குடியிருப்பது பத்தே தீவுகளில். 2011 ஜனக்கணக்குப்படி 64,473 பேர். சதுர கிலோமீட்டருக்கு 2,000 பேருக்கு மேல்! தமிழ்நாட்டின் ஜன நெருக்கத்தைப் போல் மூன்றரை மடங்கு இது. அநேகமாக எல்லோரும் பழங்குடிப் பட்டியலில் உள்ளவர்கள். தென்னையும் கொப்பரையும் கயிறும் சூரை மீனும்தான் அவர்கள் ஜீவனம்.

அந்தச் சூரையை அவர்கள் பிடிக்கும் விதத்தைத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பெரிய வலை வீசிக் கடலையே வழித்தெடுப்பதில்லை. பவழத் திட்டுக்குள்ளே ஆழமில்லாத நீரில் பொடிமீனைப் பிடித்து, உயிரோடு படகில் கொண்டுபோய், ஆழ்கடலில் இரையாகத் தூவி, தூண்டிற்கழியால் ஒவ்வொரு மீனாகத் தூக்குவார்கள். பொடிமீன் இல்லையேல் சூரை இல்லை; பவழம் இல்லையேல் பொடிமீன் இல்லை. அந்தப் பவழமோ 1998-லும் 2010-லும் 2016-லும் 2024-லும் கடல் சூடேறி வெளுத்துப்போய்த் தவிக்கிறது. இயற்கையை நேசிப்பவன் யார் என்று கேட்டால், நான் இந்த மீனவனைத்தான் காட்டுவேன்.

இவனுக்குச் சர்க்கார் செய்த மரியாதை என்ன? 2021-ல் கரையோரத்தில் மீனவர்கள் படகும் வலையும் வைத்திருந்த கொட்டகைகளை இடித்துத் தள்ளினார்கள். அதே வருஷம் ஒரு வரைவுச் சட்டம் வந்தது: எந்த நிலத்தையும் ‘அபிவிருத்தி’க்கு என்று எடுத்துக்கொள்ளலாம், குடியிருப்பவனை இடம் மாற்றலாம். கூடவே இன்னொரு வரைவு, ஒரு வருஷம் வரை விசாரணையின்றிச் சிறையில் வைக்க! குற்றம் அபூர்வமாக நடக்கும் தீவுக்கு எதற்கு ஐயா இந்தச் சட்டம்? 2021 ஜூன் 7-ந் தேதி தீவு மக்கள் தத்தம் வீடுகளிலேயே உண்ணாவிரதம் இருந்தார்கள்.

2023 ஜனவரியில் டாட்டாவின் ஹோட்டல் கம்பெனி, சுஹேலியிலும் கத்மத்திலும் இரண்டு உல்லாச விடுதிகள் கட்டுவதாக அறிவித்தது. தீவுக்கு 110 அறைகள். சுஹேலியில் 50 அறைகளைத் தண்ணீரின் மேலேயே தூண் நாட்டிக் கட்டுவார்களாம். எந்தத் தண்ணீர்? பொடிமீன் வளரும் அதே ஆழமில்லாத தண்ணீர்!

குடிநீர் விஷயத்துக்கு வருவோம். இத்தீவுகளில் ஆறில்லை, ஏரியில்லை. மழைநீர் மணலில் இறங்கி, உப்பு நீரின் மேல் மெல்லிய ஏடாக மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கிணறு உப்பாகும். குளிக்க நீச்சல் குளம் கேட்கும் விருந்தாளி ஊர் திரும்பிவிடுவான். உப்புக் கிணறு யாருக்கு?

வேலை கிடைக்குமே என்கிறார்கள். கிடைக்கும், சொந்தக் கடற்கரையில் தட்டு கழுவும் வேலை கிடைக்கும். சொந்தப் படகு வைத்திருப்பவனை ஹோட்டல் கூலியாக்குவதற்கு உபகாரம் என்று பெயர்!

அப்படியானால் உழைப்பாளி கடலையே பார்க்கக்கூடாதா? தாராளமாகப் பார்க்கவேண்டும். 1948 தொழிற்சாலைச் சட்டம் 20 நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பள லீவு தந்தது. அதைக்கூட மில் முதலாளி சும்மா தரவில்லை. வயலில் கூலிக்கு நிற்பவருக்கு அதுவும் கிடையாது. லீவும், கட்டுப்படியாகும் கப்பல் கட்டணமும் கேட்போம். போகிறவர் தீவுக்காரர் வீட்டில் பணம் கொடுத்துத் தங்கட்டும், பவழத்தின் மேல் கால் வைக்காமல் நீந்தட்டும், கிணற்று நீரை அளந்து செலவு செய்யட்டும். வெளியாருக்கு அங்கே அனுமதிச் சீட்டு வேண்டும். அந்தச் சீட்டு எத்தனை பேருக்கு, எந்தத் தீவுக்கு, எந்த மாதத்தில் என்பதை அங்கே குடியிருக்கும் மீனவர்களும் தென்னை விவசாயிகளும் பஞ்சாயத்தில் உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டும். டாட்டாவும் அவர்களிடம்தான் மனுப் போட வேண்டும்.