மறைந்து நின்ற கை

மன்னர் மாளிகைச் சுவரிலே தொங்கும் ஓவியத்தை மற்றையோர் கண்டு மகிழ்வது எங்ஙனம்? பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரான்சு இவ்வினாவுக்குச் செப்புத் தகட்டினால் விடை கூறிற்று.

அக்காலத்தில் பெரும்புகழ் பெற்ற ஓவியர் பிரான்சுவா பூஷே (1703–1770). கிரேக்க, உரோமப் புராணத் தெய்வங்களை இளமை ததும்பத் தீட்டியவர். 1765 இல் அரசரின் முதல் ஓவியராக உயர்ந்தவர். வண்ணக்கட்டியால் அவர் வரைந்த சித்திரங்களுள் ஒன்று புளோராவின் முகம். புளோரா உரோமரின் மலர்த் தெய்வம். மேல்காற்றின் தெய்வமான செபிரை மணந்து மலர்களுக்கெல்லாம் அரசியானாள் என்பது ஒவிட் என்னும் உரோமக் கவிஞர் கூறும் கதை.

இச்சித்திரத்தை 1769 இல் அச்சில் வார்த்தவர் லூயி மரேன் பொனே. வண்ணக்கட்டியின் கோடு, உளியாற் கீறிய கோடு போன்றதன்று. தாளின் சொரசொரப்பிலே துகள் துகளாகப் படிவது. அத்துகளைச் செம்பிலே காட்டுவதற்குப் பற்களுடைய சிறு சக்கரங்களைத் தகட்டின்மேல் உருட்டி, எண்ணிறந்த புள்ளிகளை உண்டாக்கினார். நிறங்களைப் பகுத்து 8 தகடுகள் அமைத்தார். ஒரே தாளை அவற்றின்மேல் ஒன்றன்பின் ஒன்றாக வைத்து அழுத்துதல் வேண்டும். மயிரிழை பிசகினும் கோடு ஒரு புறமும் நிறம் ஒரு புறமுமாய் முகம் கெட்டுவிடும். பிசகாது அமைந்த படத்தைக் காண்போர், விரலால் தொட்டால் வண்ணம் ஒட்டிக்கொள்ளுமோ என மயங்குவர்.

இத்தகைய படங்கள் செல்வர் அல்லாதார் இல்லங்களையும் அணி செய்தன. வெண்கட்டிக் கோடுகளை அப்படியே காட்டிய அச்சுப் படங்களைப் பார்த்து மாணாக்கர் ஓவியம் பயின்றனர்.

பின்னர் பொனே, பொன்னிறச் சட்டமும் உடன் அச்சிட்ட படங்களை வெளியிட்டார். பிரான்சில் பொன்னைக் கையாளுவதற்குக் கட்டுப்பாடு இருந்தமையால், அவற்றை இலண்டன் நகரப் படங்கள் போலக் காட்டி விற்றார். முன்பு தம் கையை மறைத்தவர், இப்போது தம் ஊரையும் மறைத்தார்!

நகல்தானே என்று இவற்றை இகழ்வோர் உளர். ஆயின், பிறர் கோட்டைத் தம் கோடாக்காமல், அவர் கோடாகவே நிற்கச் செய்தல் எளிய செயலன்று. பொனேயின் திறமை மிகுந்தோறும் பார்ப்போர் கண்ணுக்குப் பூஷேயே தோன்றினார், பொனே தோன்றவில்லை. அவர் பெற்ற வெற்றியும் அதுவே, கொடுத்த விலையும் அதுவே.

அக்கால அச்சுப் படங்களின் அடியில் இடப்புறம் ஓவியர் பெயரும், வலப்புறம் தகட்டிலே செதுக்கியவர் பெயரும் பொறிப்பது வழக்கம். இடப்புறம் படித்து அமைபவர் பலர். மாணவர்காள், வலப்புறத்தையும் படியுங்கள்.